பள்ளிக்கு எந்தக் கலைத்திட்ட மாதிரி? முடிவெடுக்க உதவுங்கள்

கரிசல் டீச்சர் (தொடக்கப் பதிவு)

வணக்கம். கோவில்பட்டிப் பக்கம் ஒரு சிறிய மெட்ரிக் பள்ளியில் பத்து வருடமாக வேலை பார்க்கிறேன். இந்த வருடம் தொடக்கப் பிரிவுக்கு ஒருங்கிணைப்பாளர் பொறுப்பும் என்னிடம் வந்திருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை, வகுப்புக்கு இரண்டு பிரிவு, பத்து ஆசிரியைகள்.

எங்கள் தாளாளர், "அடுத்த கல்வியாண்டிலிருந்து நமக்கென்று ஒரு கலைத்திட்டம் வேண்டும், எந்த மாதிரியில் போகலாம் என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார். (கலைத்திட்டம் என்பது எதை, எந்த வரிசையில், எப்படிக் கற்பித்து, எப்படிச் சோதிப்பது என்ற முழுத் திட்டம்.) அவர் மேசையில் ஏற்கெனவே இரண்டு யோசனைகள் இருக்கின்றன. ஒன்று, ஒரு நிறுவனம் தரும் கிட். பயிற்சிப் புத்தகம், ஒர்க்‌ஷீட், ஒவ்வொரு பீரியடுக்கும் எழுதி வைத்த பாடக்குறிப்பு, டேப்லெட் எல்லாம் சேர்த்துப் பிள்ளைக்கு இவ்வளவு என்று வருடக் கட்டணம். இன்னொன்று, ஒரு பயிற்சியாளர் சொன்ன பின்னோக்கு வடிவமைப்பு. கடைசியில் பிள்ளை என்ன செய்து காட்ட வேண்டும் என்பதை முதலில் எழுதிவிட்டு, அதற்கு ஏற்றபடி பாடத்தை அமைப்பது.

எம்.எட். படித்தபோது டைலர், டாபா, ஸ்டென்ஹவுஸ், புரூனர் என்று கலைத்திட்ட அறிஞர்கள் எல்லாரையும் படித்துப் பரீட்சை எழுதினேன். ஒவ்வொரு மாதிரிக்கும் நிறை ஐந்து, குறை ஐந்து எழுதத் தெரியும். ஆனால் பத்து ஆசிரியைகளையும் முந்நூறு பிள்ளைகளையும் எதிரில் வைத்துக்கொண்டு எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியவில்லை. தேர்ந்தெடுத்த பிறகு, அது பலன் தருகிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஆண்டுத் தேர்வில் மதிப்பெண் கூடினால் போதுமா?

எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் பலருக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வேலை, கடலைமிட்டாய் வேலை. கட்டணம் கூடினால் நேராக அவர்கள் தலையில்தான் விழும். அதனால்தான் அவசரப்படாமல் இங்கே கேட்கிறேன்.

மூணாம் வகுப்பு அம்மா

நான் ஆசிரியை இல்லை. என் மகள் படிக்கும் பள்ளியில் மூன்று வருடத்தில் மூன்று முறை முறையை மாற்றிவிட்டார்கள். முதல் வருடம் பிராஜெக்ட், அடுத்து டேப்லெட், இப்போது வேறு ஒரு கம்பெனிப் புத்தகம். ஒவ்வொரு முறையும் பெற்றோர் கூட்டத்தில் புதியது எவ்வளவு நல்லது என்று சொல்கிறார்கள். பழையதை ஏன் விட்டோம், அதில் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்று ஒருவரும் சொல்வதில்லை. எதை எடுத்தாலும் கொஞ்ச காலம் நிலையாக வையுங்கள் டீச்சர். நிறுத்துவதென்றால் காரணத்தை எங்களிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

பழைய விரிவுரையாளர்

டீச்சர், உங்கள் கையில் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். மெட்ரிக் என்று பெயர் இருந்தாலும் உங்களுக்கு மாநிலப் பொதுப் பாடத்திட்டம்தான். 2010ல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தச் சொல்லித் தீர்ப்பளித்தது. அதோடு மாநில வாரியம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்ற நான்கு தனித்தனிப் பாடத்திட்டங்கள் போயின. ஆகவே 'என்ன கற்பிப்பது' என்பதன் பெரும்பகுதி முடிவாகிவிட்டது. எந்த வரிசையில், எவ்வளவு நேரம், எந்த அனுபவத்தின் வழியாக, கற்றதை எப்படிக் கண்டறிவது என்பவை உங்களிடம் இருக்கின்றன. அது சின்ன விஷயம் இல்லை. ஒரே பாடநூலை வைத்துக்கொண்டு இரண்டு பள்ளிகள் முற்றிலும் வேறான கல்வியைத் தர முடியும்.

அடுத்தது, நீங்கள் படித்த மாதிரிகள் எல்லாம் ஒரே வேலைக்குப் போட்டி போடுபவை அல்ல. டைலர் 1949ல் முன்வைத்தவை நான்கு கேள்விகள். பள்ளி எந்த நோக்கங்களை அடைய முயல வேண்டும், எந்தக் கற்றல் அனுபவங்கள் அதற்கு உதவும், அவற்றை எப்படி ஒழுங்குபடுத்துவது, நோக்கம் நிறைவேறியதா என்று எப்படி அறிவது. டாபாவின் அக்கறை, வேலையை யார் தொடங்குவது என்பதில். வகுப்பில் நிற்கும் ஆசிரியர் தன் பிள்ளைகளின் தேவையைக் கண்டறிந்து ஓர் அலகை (ஒரு பாடப் பகுதியை) உருவாக்கி, சோதித்துப் பார்த்து, திருத்த வேண்டும். பொதுத்திட்டம் அதற்குப் பிறகு, பல அலகுகள் சேர்ந்து உருவாக வேண்டும் என்றார். புரூனரின் சுருள் முறை, ஒரே கருத்துக்கு ஒவ்வொரு வருடமும் கூடுதல் ஆழத்தோடு திரும்பி வருவது பற்றியது. விக்கின்ஸும் மெக்டையும் 1998ல் முன்வைத்த பின்னோக்கு வடிவமைப்பு, ஓர் அலகைத் திட்டமிடும்போது எதை முதலில் எழுதுவது என்று சொல்கிறது. ஸ்டென்ஹவுஸ், முடிவை முன்கூட்டியே வரையறுக்க முடியாத பாடப்பொருள்களுக்கு வழி காட்டினார். கவிதை வாசிப்பையோ, ஊரில் நடக்கும் ஒரு பிரச்சினை பற்றிய விவாதத்தையோ 'மாணவர் இவ்வளவு செய்வர்' என்று அளந்து எழுதினால் அதன் உயிர் போய்விடும் என்பது அவர் வாதம்.

எனக்கு முக்கியமாகப்படும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தேர்வுக் கையேடுகள் டைலரையும் டாபாவையும் எதிரெதிர் அணியாகக் காட்டும். உண்மையில் இருவரும் சேர்ந்து வேலை செய்தவர்கள். அமெரிக்காவில் 1933 முதல் 1941 வரை 'எட்டாண்டு ஆய்வு' நடந்தது. முப்பது உயர்நிலைப் பள்ளிகள் தங்கள் கலைத்திட்டத்தைத் தாங்களே அமைத்துக்கொள்ள விடப்பட்டன. கல்லூரிகள் வழக்கமான நுழைவு நிபந்தனைகளைத் தளர்த்தச் சம்மதித்தன. அதன் மதிப்பீட்டுக் குழுவின் தலைவர் டைலர். எஸ்டோனியாவில் பிறந்து, அந்த முப்பதில் ஒன்றான டால்டன் பள்ளியில் ஆசிரியையாக இருந்த டாபா அந்தக் குழுவில் சேர்ந்தார். அந்தப் பள்ளிகளில் படித்து வந்த 1,475 மாணவர்களை, அதே போன்ற பின்னணியுள்ள வேறு பள்ளி மாணவர்களோடு ஜோடி ஜோடியாக ஒப்பிட்டார்கள். கல்லூரியில் இவர்கள் பின்தங்கவில்லை, சற்று மேலாகவே செய்தார்கள். வழக்கத்திலிருந்து மிகவும் விலகிச் சோதனை செய்த பள்ளிகளின் மாணவர்கள் இன்னும் நன்றாகச் செய்தார்கள்.

முப்பது பள்ளிகளுக்கும் ஒரே மாதிரி கொடுக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் கூடி உட்கார்ந்து தங்கள் பாடங்களைத் தாங்களே உருவாக்கினார்கள். என் அனுபவமும் அதையே சொல்கிறது. மாதிரியின் பெயரைவிட, அதைக் கற்பிக்கப்போகிறவர் அதை உருவாக்குவதில் இருந்தாரா என்பதுதான் எனக்கு முதல் கேள்வி.

மொட்டும் மலரும்

ஐயா சொன்ன கடைசி வரியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அரசுத் தொடக்கப் பள்ளியில் இருபது வருடம் ஆகிறது. செயல்வழிக் கற்றல் வந்த காலம். பிள்ளை தன் வேகத்தில் அட்டை அட்டையாகப் படியேறிக் கற்கும் முறை அது. ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே இருக்கும் ரிஷி வேலி பள்ளியின் அட்டை முறையைப் பார்த்துவிட்டு வந்து, 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார்கள். அட்டைகளை உருவாக்கியதில் ஆசிரியர்களே முன்னின்றார்கள். 2007-08ல் மாநிலம் முழுவதற்கும் வந்தது.

கற்றல் ஏணி, அட்டைகள், பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து எழுதும் தாழ்ந்த கரும்பலகை, அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல். இன்றைக்கும் நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. பள்ளிக்கு வராமல் இருந்துவிட்டு வரும் பிள்ளை, விட்ட படியிலிருந்தே தொடரலாம். அதற்கு முன்பெல்லாம் அறுவடைக்குப் போய்விட்டு இரண்டு வாரம் கழித்து வரும் பிள்ளை அப்படியே காணாமல் போய்விடும்.

ஆனால் அட்டை உருவாக்கியவர்களுக்கும் எங்களைப் போல் கட்டாகக் கையில் வாங்கியவர்களுக்கும் வித்தியாசம் இருந்தது. அவர்களுக்கு ஓர் அட்டை ஏன் அந்தப் படியில் இருக்கிறது என்று தெரியும். பிள்ளை திணறினால் வேறு ஒன்றை அங்கேயே செய்து கொடுப்பார்கள். நான் முதல் வருடம் முழுக்க அட்டை எண்ணைத்தான் பார்த்தேன், பிள்ளையைப் பார்க்கவில்லை. பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருவரோடு சனிக்கிழமைகளில் உட்கார்ந்து, எங்கள் ஊர்ச் சொற்களை வைத்து நாங்களே பத்து அட்டை எழுதிய பிறகுதான் அந்த முறை எனக்குப் பிடிபட்டது.

இப்போது எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி பிரித்து நடத்துகிறோம். அதிலும் அப்படித்தான். யார் மொட்டு என்று பட்டியல் போடுவது எளிது. ஏன் மொட்டிலேயே நிற்கிறாள் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

வடமராட்சி ரீச்சர்

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். இங்கே 2007ஆம் ஆண்டு தரம் 6, தரம் 10 ஆகியவற்றிலிருந்து தேர்ச்சி மையக் கலைத்திட்டம், அதாவது பிள்ளை என்ன செய்ய வல்லது என்பதை மையமாக வைத்த கலைத்திட்டம் வந்தது. அதோடு ஐந்து கட்டக் கற்பித்தல் முறையும் வந்தது. பிள்ளையை ஈடுபடுத்துதல், ஆராயவிடுதல், விளக்குதல், விரித்தல், மதிப்பிடுதல். ஆசிரியர் அறிவுரைப்பு வழிகாட்டியில் ஒவ்வொரு செயற்பாடும் எழுதியிருந்தது.

எங்கள் பாடசாலையில் நாங்கள் அதை மனம் வைத்துத்தான் செய்தோம். குழுவாக ஆராய்ந்தார்கள், முன்வைத்தார்கள், வகுப்பறை சத்தமாகவும் கலகலப்பாகவும் இருந்தது. தவணைப் பரீட்சை வந்தபோது பிள்ளைகள் திகைத்துப்போனார்கள். ஏனென்று யோசித்தால், வினாத்தாளை நாங்கள் பழைய மாதிரியே எழுதியிருந்தோம். 'வரைவிலக்கணம் தருக', 'மூன்று உதாரணம் எழுதுக'. வகுப்பில் ஒன்றை மதித்தோம், தாளில் இன்னொன்றை மதித்தோம். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், எதற்குப் புள்ளி கிடைக்கும் என்று உடனே விளங்கிக்கொண்டார்கள். அடுத்த தவணை குழு வேலையில் அரைவாசிப் பேருக்கு ஆர்வம் இல்லை.

ஆகவே ரீச்சர், எந்த மாதிரி எடுத்தாலும் முதலில் உங்கள் பருவத் தேர்வுத் தாளை எடுத்து மேசையில் வையுங்கள். அந்தத் தாள் மாறாவிட்டால் வேறு எதுவும் மாறாது.

கொங்கு நிர்வாகி

எல்லாரும் கிட்டுக்கு எதிராகப் பேசுவதால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு சிறிய பள்ளியை நிர்வகிக்கிறேன். ஜூனில் சேரும் டீச்சர் அடுத்த மே வரை இருப்பார் என்று உறுதி சொல்ல முடியாது. கல்யாணம் ஆகிப் போவார், டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) பாஸ் செய்து போவார், பக்கத்துப் பள்ளியில் இரண்டாயிரம் கூடக் கொடுத்தால் போவார். அவர்களைக் குறை சொல்லவில்லை, நாங்கள் கொடுக்கும் சம்பளம் அவ்வளவுதான்.

போன வருடம் நவம்பரில் நான்காம் வகுப்பு டீச்சர் போய்விட்டார். வந்தவருக்கு அதுதான் முதல் வேலை. கிட் இருந்ததால் மறுநாள் காலை வகுப்பில் என்ன செய்வது என்று அவருக்குத் தெரிந்தது. ஆசிரியர்கள் கூடி உருவாக்க வேண்டும் என்கிறீர்கள். சரி, உருவாக்கியவர்கள் போன பிறகு?

பழைய விரிவுரையாளர்

கொங்கு நிர்வாகி கேட்டது நியாயமான கேள்வி. டாபாவின் வழி, ஆசிரியர்கள் தங்கியிருப்பார்கள் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. அவர் கலிபோர்னியாவின் கான்ட்ரா கோஸ்டா மாவட்டத்தில் சமூக அறிவியல் கலைத்திட்டத்தை உருவாக்கியபோது, கூட வேலை செய்த ஆசிரியர்களுக்குத் தொடர்ச்சியான பயிற்சியும் நேரமும் இருந்தன. அது இல்லாத இடத்தில் அவர் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு பயனில்லை.

அதனால்தான் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே மதிப்பீட்டைத் தொடங்கச் சொல்கிறேன். இதற்கு அமெரிக்க மதிப்பீட்டு அறிஞர் ஸ்டஃபில்பீமின் மாதிரி எனக்கு உதவியிருக்கிறது. 1965ல் அமெரிக்க அரசு பள்ளிகளுக்குப் பெரும் நிதி கொடுத்து, திட்டங்களை மதிப்பிடவும் சொன்னது. ஒஹையோவில் அந்த வேலையில் இறங்கியபோது, கடைசியில் நோக்கம் நிறைவேறியதா என்று மட்டும் பார்ப்பது, நடுவில் முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு உதவவில்லை என்று அவர் கண்டார். அதனால் சூழல், உள்ளீடு, செயல்முறை, விளைவு என்று நான்காகப் பிரித்தார். மதிப்பீடு என்பது நிரூபிக்க அல்ல, மேம்படுத்த என்று வலியுறுத்தியவர் அவர்.

உங்கள் பள்ளிக்குச் சொல்வதானால், சூழல் என்பது பிள்ளைகளுக்கு உண்மையில் எது வரவில்லை என்பது. இதை யூகிக்காதீர்கள், உட்கார்ந்து பாருங்கள். உள்ளீடு என்பது இரண்டு யோசனைகளையும் பணம், நேரம், ஆசிரியைகளின் தயார்நிலை ஆகியவற்றோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. தங்குவார்களா என்ற கேள்வியும் இங்கேதான் வரும். செயல்முறை என்பது திட்டமிட்டது வகுப்பில் நடக்கிறதா என்பது. பெரும்பாலான பள்ளிகள் இதைத்தான் விட்டுவிடுகின்றன. நடக்கவே இல்லாத ஒன்றை, 'இந்த முறை பலிக்கவில்லை' என்று கைவிடுகிறார்கள். விளைவு கடைசி.

ஒரு யோசனை. நிறுவனத்திடம் ஓர் அலகை மட்டும் சோதனைக்குக் கேளுங்கள். அதே அலகை உங்கள் ஆசிரியைகளும் தயாரிக்கட்டும். இரண்டு பிரிவிலும் நடத்திப் பாருங்கள். என்ன பார்க்கப்போகிறீர்கள் என்பதை மட்டும் தொடங்கும் முன்பே எழுதிவிடுங்கள். பிறகு எழுதினால் மனம் தனக்குப் பிடித்ததையே தேடும்.

மொட்டும் மலரும்

வகுப்பிலேயே நாம் போடும் வளரறி மதிப்பீட்டு மதிப்பெண்ணை மட்டும் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாற்பதுக்கு முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று நிறைந்துவிடும். பிள்ளையின் நோட்டையும் பேச்சையும் பாருங்கள்.

கரிசல் டீச்சர் (ஏழு வாரம் கழித்து)

எல்லாருக்கும் நன்றி. தாளாளரிடம் கூடுதலாக ஒரு மாதம் அவகாசம் வாங்கி, ஐயா சொன்னபடியே செய்தோம். நான்காம் வகுப்பு, கணக்கு, நிறை (எடை) என்ற அலகு. 'அ' பிரிவில் கிட், 'ஆ' பிரிவில் நாங்கள் தயாரித்தது.

தொடங்கும் முன் இரண்டு பிரிவுப் பிள்ளைகளிடமும் தனித்தனியாக ஒரு கேள்வி கேட்டோம். உன் புத்தகப்பை எவ்வளவு எடை இருக்கும்? ஒரு கிலோ என்பது ஆயிரம் கிராம் என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். ஆனால் பைக்கு முப்பது கிலோ என்றார்கள், ஐந்நூறு கிராம் என்றார்கள், ஒரு பையன் நூறு லிட்டர் என்றான். 'ஆ' பிரிவில் 31 பேரில் 4 பேர்தான் கிட்டத்தட்டச் சரியாகச் சொன்னார்கள். இவர்களுக்கு வருடா வருடம் கிலோவைக் கிராமாக மாற்றும் கணக்கில் முழு மதிப்பெண் போட்டவர்கள் நாங்கள்தான். அன்று சாயங்காலம் ஆசிரியைகள் அறையில் யாரும் அதிகம் பேசவில்லை.

பின்னோக்கு முறைப்படி, கடைசியில் என்ன செய்து காட்ட வேண்டும் என்று மூன்றை எழுதினோம். கையில் தூக்கிப் பார்த்து எடையைச் சொல்லி, பிறகு தராசில் சரிபார்ப்பது. 5 கிலோ கடலைமிட்டாயை 200 கிராம் பாக்கெட்டாகப் போட்டால் எத்தனை வரும் என்று கணக்கிட்டு, எப்படி வந்தது என்று சொல்வது. ஒரு மளிகைக் கடைச் சீட்டில் இருக்கும் தவற்றைக் கண்டுபிடிப்பது. அதன் பிறகுதான் பாடநூலைத் திறந்தோம்.

தெருமுனைக் கடைக்காரர் பழைய தராசையும் படிக்கற்களையும் இரண்டு வாரத்துக்குக் கொடுத்தார். இரண்டாம் நாள் ஒன்று நடந்தது. வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பெண்பிள்ளை, கையில் கொடுத்த கடலையை எடை பார்த்து "இருநூறு இருக்காது, கொஞ்சம் குறையும்" என்றாள். தராசில் வைத்தால் நூற்றெண்பது. அவள் அம்மா கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாக்கெட் போடுகிறார், லீவு நாட்களில் இவளும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாளாம். அதற்குப் பிறகு எடையைக் குறித்து அந்த வகுப்பில் யாருக்குச் சந்தேகம் என்றாலும் அவளிடம்தான் போனார்கள். கணக்கில் அவளைச் சுமாரான மாணவி என்று மூன்று வருடமாக நாங்கள் குறித்து வைத்திருந்தோம்.

முடிவை உள்ளபடி சொல்கிறேன். தாளில் எழுதும் கிலோ, கிராம் மாற்றக் கணக்கில் கிட் நடத்திய 'அ' பிரிவு முன்னால் நின்றது, ஏனென்றால் அதில் பயிற்சிகள் நிறைய இருந்தன. எடையைச் சொல்வதிலும் சீட்டில் தவறு கண்டுபிடிப்பதிலும் 'ஆ' பிரிவு நன்றாகவே முன்னால் நின்றது. மூன்று வாரம் கழித்து, முன்னால் சொல்லாமல் திரும்பவும் கேட்டோம். 'ஆ' பிரிவில் 23 பேர் எடையைக் கிட்டத்தட்டச் சரியாகச் சொன்னார்கள். 'அ' பிரிவில் கணக்கு பாதிப் பேருக்கு மறந்திருந்தது.

கிட் நடத்திய ஆசிரியை இந்த ஜூனில்தான் சேர்ந்தவர். அவர் சொன்னதையும் எழுத வேண்டும். "அடுத்து என்ன என்று எழுதியிருந்தது எனக்குத் தைரியமாக இருந்தது" என்றார். கொங்கு நிர்வாகி சார், நீங்கள் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

எனவே கிட் வாங்கவில்லை. ஆனால் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டோம். நாங்கள் உருவாக்கும் ஒவ்வோர் அலகையும், புதிதாக வரும் ஒருவர் மறுநாளே எடுத்து நடத்தும்படி முழுமையாக எழுதி வைக்கப்போகிறோம். பிள்ளைகள் எங்கே திணறினார்கள், எந்தக் கேள்வி பலித்தது, எந்தப் பொருளை எங்கே வாங்கினோம் என்பது வரை. தாளில் எழுதும் பயிற்சியையும் எங்கள் அலகில் கூட்டுகிறோம், அதில் நாங்கள் குறைத்துவிட்டது உண்மை. மூன்றாம், நான்காம் வகுப்புகளில் வருடத்துக்கு நான்கு அலகு மட்டும். கிட்டுக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியை, மாதம் இரண்டு சனிக்கிழமை உட்காரும் ஆசிரியைகளுக்கு ஊதியமாகக் கொடுக்கத் தாளாளர் சம்மதித்திருக்கிறார். கட்டணம் கூடவில்லை. பருவத் தேர்வுத் தாளில் நான்கில் ஒரு பங்கு கேள்வியை மாற்றுகிறோம், வடமராட்சி ரீச்சருக்கு அதற்காகத் தனி நன்றி.

பழைய விரிவுரையாளர்

மிகவும் மகிழ்ச்சி. ஓர் எச்சரிக்கை மட்டும். இரண்டு பிரிவுக்கும் ஆசிரியை வேறு, ஒருவர் புதியவர். அதனால் வந்த வித்தியாசம் முழுவதும் முறையால் வந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த அலகில் ஆசிரியைகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். அந்தப் பெண்பிள்ளை பற்றி எழுதியதை அலகுக் குறிப்பிலும் சேர்த்துவிடுங்கள். தேவையைக் கண்டறிதல் என்று டாபா முதல் படியாக வைத்ததில், பிள்ளைக்கு ஏற்கெனவே எது தெரியும் என்பதும் அடங்கும்.

கொங்கு நிர்வாகி

டீச்சர், அந்த அலகுக் குறிப்பை இங்கே போட முடியுமா? எங்கள் நான்காம் வகுப்புக்கு வேண்டும். எங்கள் பக்கம் கடலைமிட்டாய்க்குப் பதில் மஞ்சள் வைத்துக்கொள்கிறோம்.

கரிசல் டீச்சர்

கையால் எழுதியதுதான், பதினொரு பக்கம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை படம் எடுத்துப் போடுகிறேன் சார். மஞ்சள் வைத்து நடத்தினால் எங்கே மாற்றினீர்கள் என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புங்கள். அடுத்தது கொள்ளளவு. எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் தண்ணீர்க் குடமும் இருபது லிட்டர் கேனும் உண்டு, அதிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறோம்.

மூணாம் வகுப்பு அம்மா

குடத்துக்கு எத்தனை லிட்டர் என்று எனக்கே தெரியாது. மகளோடு சேர்ந்து இன்றைக்கு அளந்து பார்க்கிறேன்.